தாத்தாவின் வில்லையில் ஓர் எழுத்து

ஆயா அதை வில்லை என்றுதான் சொல்வாள். தாலுகா ஆபீஸ் பியூன் டவாலியில் மாட்டியிருக்கும் பித்தளைத் தகட்டுக்கு என்ன பேரோ, தாத்தாவின் ஏர் ஃபோர்ஸ் பேட்ஜுக்கும் அதே பேர். போகிக்கு முந்தின நாள் குத்துவிளக்கு, சொம்பு, பூஜை மணி எல்லாவற்றோடும் சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்து, முறத்தில் வைத்து வெயிலில் காயவைப்பாள். மேலே ஒரு கிரீடம், சுற்றிலும் இலை வளையம், நடுவில் இங்கிலீஷ் எழுத்து. வலது பக்கத்து இலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நசுங்கல் இருக்கும். அந்த நசுங்கலைத் தடவிக் காட்டித்தான் கதை ஆரம்பிக்கும். இம்பாலில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது சிதறி வந்த துண்டு ஒன்று தாத்தாவின் தொப்பியில் பட்டது, இந்த வில்லை தடுத்தது, இல்லாவிட்டால் உங்கப்பனும் இல்லை நீயும் இல்லை. நாங்கள் ஆறேழு பேரப்பிள்ளைகளும் இந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்ந்தோம்.

ஆயா போன பிறகு பாத்திரங்களைத் தராசில் நிறுத்து மூன்று பங்காகப் பிரித்தார்கள். வில்லை மட்டும் எந்தப் பங்கிலும் சேரவில்லை. எடைக்குப் போட்டால் பத்து ரூபாய் தேறாது, அதே சமயம் எடைக்குப் போடவும் யாருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் அத்தை என் கையில் திணித்து, "நீதான் புஸ்தகம் படிக்கிறவன், நீ வெச்சுக்கோ" என்றாள். எட்டு வருஷம் பீரோவில் கிடந்தது. போன வருஷம் வீடு மாற்றும்போது திரும்பக் கண்ணில் பட்டது. இதற்கு என்ன விலை இருக்கும் என்று ஒரு எண்ணம் வந்தது. விற்க வேண்டும் என்றில்லை, தெரிந்துகொள்ளலாமே என்றுதான். இப்படி ஆரம்பித்த எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான்கு எழுத்து

வீட்டில் எல்லோரும் அதை ஆர்.ஏ.எஃப். என்றுதான் படித்திருந்தோம். ராயல் ஏர் ஃபோர்ஸ். நானும் அந்தப் பெயரில் தேடித்தான் முதல் நாளே சோர்ந்துபோனேன். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது ஆர்.ஏ.எஃப்.பில் பத்து லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அத்தனை தலைக்கும் ஒரு தொப்பி, தொப்பிக்கு ஒரு பேட்ஜ். தொலைந்தால் இன்னொன்று. இங்கிலாந்துச் சந்தைகளில் சாதாரண விமானப்படை வீரரின் பித்தளைத் தொப்பி பேட்ஜ் சில பவுண்டுக்குக் கிடைக்கிறது, அதுவும் பேரம் பேசினால் குறைகிறது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகனின் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு சும்மா பார்த்தபோதுதான் ஆருக்கும் ஏவுக்கும் நடுவில் ஒரு கோடு தெரிந்தது. அலங்காரக் கோடு என்று இத்தனை நாள் நினைத்தது 'ஐ'. ஆர்.ஐ.ஏ.எஃப். ராயல் இந்தியன் ஏர் ஃபோர்ஸ். வருஷா வருஷம் புளி பட்டுத் தேய்ந்ததில் அந்த எழுத்து பக்கத்து எழுத்துகளோடு ஒட்டிப்போயிருந்தது. சரி, இப்போது கணக்கே வேறு. இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8-ல் காகிதத்தில் பிறந்து, 1933 ஏப்ரலில் கராச்சியின் ட்ரிக் ரோடு விமானத்தளத்தில் நான்கு வாபிட்டி விமானங்களோடு பறக்கத் தொடங்கிய சின்னப் படை. கீழ்நிலை வீரர்களுக்கு அன்று 'ஹவாய் சிப்பாய்' என்று பெயர். ஹவாய் செருப்பு ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை, ஆனால் ஹவா என்றால் காற்று, அவ்வளவுதான். போர் முடியும்போதுகூட ஒன்பது ஸ்குவாட்ரன்கள், அதாவது விமானப் பிரிவுகள்தான், ஆட்கள் முப்பதாயிரத்துக்குள். பத்து லட்சத்தில் ஒன்று என்று நினைத்தது, ஒரே கோட்டில் முப்பதாயிரத்தில் ஒன்று ஆகிவிட்டது. அன்றைக்கு ராத்திரி நான் மனதுக்குள் ஒரு விலை போட்டுப் பார்த்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

புளி

நாணயம், தபால்தலை, பழைய பதக்கம் எல்லாம் வாங்கி விற்கும் பெரியவர் ஒருவரைச் சென்னையில் நண்பர் காட்டிவிட்டார். பழைய மூர் மார்க்கெட்டில் கடை வைத்திருந்தவராம். 1985-ல் அது எரிந்தபோது போன சரக்கைப் பற்றி இன்றைக்கும் சாவு வீட்டுக் குரலில்தான் பேசுகிறார். வில்லையைக் கையில் வாங்கியவுடன் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகத் திருப்பினார். முன்னால் எங்கே மேடோ பின்னால் அங்கே பள்ளம் இருக்கிறதா என்று நகத்தால் தடவினார். அச்சு வைத்துத் தகட்டில் அடித்ததென்றால் அப்படித்தான் இருக்குமாம். வார்ப்பில் ஊற்றிய போலி என்றால் பின்பக்கம் மொழுமொழுவென்றோ, பொரிப்பொரியாக ஊசித்துளைகளோடோ இருக்கும், கையில் கனமாக நிற்கும். பிறகு காந்தத்தைக் காட்டினார், ஒட்டவில்லை. ஒட்டினால் இரும்பில் பித்தளை முலாம். பின்னால் இரண்டு காதுகள். அதில் இருக்க வேண்டிய ஸ்பிளிட் பின் இல்லை, அதற்குப் பதில் ஆயா மாட்டிய ஊக்கு. காதின் ஈயப் பற்று பழசு, பிற்பாடு ஒட்டியது இல்லை என்றார்.

அதன் பிறகுதான் முன்பக்கம் திருப்பினார். முகம் மாறியது.

"யாரு சார் இதைப் புளி போட்டுத் தேய்ச்சது?"

பழம்பொருள்காரர்களுக்குக் களிம்பு என்றால் உயிர் என்று எனக்கு அப்போது தெரியாது. எழுபது எண்பது வருஷம் காற்றுபட்டுப் பித்தளைமேல் படிகிற அந்தப் பழுப்பு நிறம்தான் பாதி விலை. எங்கள் வீட்டில் அதை அழுக்கு என்று நினைத்து வருஷா வருஷம் போகிக்கு முன்னால் சுரண்டி எடுத்திருக்கிறோம். ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பணியில் இருக்கும்போது இந்த பேட்ஜை தினமும் பளபளக்கத் தேய்க்க வேண்டும், பரேடில் மங்கலாக இருந்தால் தண்டனை. ஆக, தாத்தா தேய்த்தால் அது சரித்திரம், ஆயா தேய்த்தால் சேதம். இதைச் சொன்னபோது பெரியவர் சிரிக்கவில்லை. "அவர் தேய்ச்சது மேட்டுலதான் தேயும். உங்க ஆயா பள்ளத்துக்குள்ளயும் விட்டு நோண்டியிருக்காங்க" என்றார். உண்மைதான். தென்னந்துடைப்பக் குச்சியால் நோண்டுவாள், நானே பார்த்திருக்கிறேன்.

அசல்தான் என்று முடிவு சொன்னார். இது சின்ன விஷயமில்லை, ஏனென்றால் இந்த நான்கு எழுத்து பேட்ஜுக்குத் தேவை இருப்பதால் புதிதாக அடித்து விற்பதும் நடக்கிறது. அப்புறம் கேட்டார்: "பேப்பர் ஏதாவது இருக்கா?"

பேப்பர் என்றால் டிஸ்சார்ஜ் சான்றிதழ், சம்பளப் புத்தகம், ஏதாவது உத்தரவு. இருந்திருக்கிறது. ஒரு தகரப் பெட்டியில் சுருட்டி வைத்திருந்ததைச் செல்லரித்துவிட்டது. சர்வீஸ் நம்பர் தெரிந்தால் ஆவணம் தேடலாம் என்று ஒரு அலுவலகத்துக்கு எழுதிப் போட்டதற்கு, சர்வீஸ் நம்பரைத் தெரிவிக்கவும் என்று பதில் வந்தது. தொப்பி பேட்ஜில் நம்பர் இருக்காது, பேரும் இருக்காது. அது யார் தலையிலும் இருக்கலாம். என்னிடம் இருப்பது ஒரே ஒரு ஸ்டுடியோ போட்டோ. பக்கவாட்டில் சாய்த்து வைத்த தொப்பி, அடர்ந்த மீசை, சாகப்போகிறவன் போல முறைப்பு. பெரிய அளவில் ஸ்கேன் செய்து பார்த்தேன். பேட்ஜ் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளிதான் இருக்கிறது. விளக்கு வெளிச்சம் பட்டுத் தெறித்திருக்கிறது. தேய்த்ததன் பலன்.

பெரியவர் இரண்டாயிரம் என்றார். நான் சும்மா இருக்கமாட்டாமல் நசுங்கலைக் காட்டி இம்பால் கதையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பத்தாயிரம் வரைக்கும் போகலாம் என்றார். ஒரு பக்கத்துக்கு அந்தக் கதையை எழுதி, பேரன் என்று போட்டுக் கையெழுத்து, கூடவே போட்டோவின் நகல். அவ்வளவுதான் வேண்டும். பித்தளைக்கு இரண்டாயிரம், நசுங்கலுக்கு எட்டாயிரம்.

ஒரு பக்கக் கடிதம்

அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தி சரளமாக வந்தது. வேலூர்ப் பக்கத்துக் கிராமம், பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெருவே இல்லாத ஊர், தாத்தா ஃபிட்டராகச் சேர்ந்தது. வீட்டில் சிலர் அவர் ப்ளேன் ஓட்டினார் என்றே சொல்வார்கள். அதை நான் சேர்க்கவில்லை. பைலட்டுக்கு அடையாளம் மார்பில் தைத்திருக்கும் துணிச் சிறகு, தொப்பிப் பித்தளை இல்லை. இந்த அளவுக்கு நான் நேர்மையானவன் என்று எனக்கே ஒரு திருப்தி. இரண்டாவது பத்தியில் இம்பால் வந்தது. 1944 மார்ச்சில் ஜப்பானியர் பர்மாவின் சிண்ட்வின் ஆற்றைத் தாண்டி வந்து இம்பாலைச் சுற்றி வளைத்ததும், ஜூன் 22-ல் கோஹிமா சாலை திறக்கும்வரை ஆகாய வழியாகவே அரிசியும் ஆளும் போனதும் எல்லோருக்கும் தெரிந்த சரித்திரம். அங்கே நம் படையின் நம்பர் 1 ஸ்குவாட்ரன் ஹரிகேன் விமானங்களோடு இருந்தது. அதற்குத் தலைமை தாங்கிய அர்ஜன் சிங்குக்கு அங்கேயே மவுண்ட்பேட்டன் டி.எஃப்.சி. என்ற வீரப் பதக்கம் குத்தினார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. விமானம் இருந்தால் ஃபிட்டர் இருக்க வேண்டும், ஃபிட்டர் இருந்தால் தாத்தா இருக்கலாம். 'ராயல் இந்தியன் ஏர் ஃபோர்ஸின் நம்பர் 1 ஸ்குவாட்ரன்' என்று முழுப் பெயரையும் எழுதினேன். எழுதிவிட்டு, பெயர் சரியா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாமே என்று புத்தகத்தைத் திறந்தேன்.

'ராயல்' என்ற அடைமொழி இந்திய விமானப்படைக்குக் கொடுக்கப்பட்டது 1945 மார்ச்சில். பர்மா போரில் காட்டிய பணிக்காகத்தான் கொடுத்தார்கள். அதாவது இம்பாலுக்குப் பிறகு. 1944-ல் இம்பாலில் குண்டு விழுந்தபோது அந்தப் படையின் பெயரில் ஆர் கிடையாது. ஐ.ஏ.எஃப். அவ்வளவுதான். ஆர்.ஐ.ஏ.எஃப். என்று பொறித்த ஒரு பேட்ஜ் அன்றைக்கு உலகத்தில் யார் தொப்பியிலும் இருந்திருக்க முடியாது.

நான் கொஞ்ச நேரம் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இது மிகைப்படுத்தல் இல்லை, மனைவி வந்து என்னவோ ஏதோ என்று கேட்டாள். ஐ என்ற ஓர் எழுத்து தேடித் தந்ததை ஆர் என்ற ஓர் எழுத்து பிடுங்கிக்கொண்டது. 1945 மார்ச்சில் வந்த ராயல், நாடு குடியரசான 1950 ஜனவரியோடு போய்விட்டது. கிரீடமும் கூடவே போயிற்று. ஆக, இந்த பேட்ஜ் அந்த ஐந்து வருஷத்துக்குள் அடிக்கப்பட்டது. அதில் உலகப் போர் நடந்தது முதல் ஐந்து மாதம் மட்டும். மீதி நாலரை வருஷம் அந்தப் போர் முடிந்த பிறகு. நான் போர்க்கால பேட்ஜ் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது போர்க்காலத்ததே இல்லை என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ராயல் பட்டம் வந்த மறுநாள் காலையிலேயே எல்லாத் தொப்பியிலும் புது பேட்ஜ் ஏறியிருக்கவும் முடியாது. புது அச்சு வெட்டி, அடித்து, பெட்டி பெட்டியாக ஸ்டோருக்கு வந்து, கையெழுத்து வாங்கி விநியோகித்து. சர்க்கார் ஸ்டோர் எந்த வேகத்தில் இயங்கும் என்பது நமக்குத் தெரியாதா?

அடுத்த இரண்டு மூன்று நாள் நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வக்கீல் மாதிரி கதையைக் காப்பாற்றப் பார்த்தேன். தாத்தா இம்பாலில் இருந்திருக்கலாம், பழைய ஐ.ஏ.எஃப். பேட்ஜில் குண்டு பட்டிருக்கலாம், அதைக் கொடுத்துவிட்டுப் புது பேட்ஜ் வாங்கியிருக்கலாம். ஆனால் நசுங்கல் புது பேட்ஜில் அல்லவா இருக்கிறது? சரி, 1945 மே மாதம் ரங்கூன் வீழும்வரை பர்மாவில் சண்டை நடந்ததே, அங்கே பட்டிருக்கலாம். அப்படியானால் பர்மா போரில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பர்மா ஸ்டார் பதக்கம் எங்கே? உரிமை இருந்தும் அதை வாங்காமலே விட்டவர்கள் ஏராளம், ஆகவே அது இல்லாததும் சாட்சி ஆகாது. இப்படியே போனால் எதையும் நிரூபிக்கலாம். ஒரு கட்டத்தில் 1946 பிப்ரவரிக்குப் போய்விட்டேன். பம்பாயில் கடற்படை மாலுமிகள் கலகம் செய்தபோது, அவர்களுக்கு ஆதரவாக ஆர்.ஐ.ஏ.எஃப். வீரர்களும் பல இடங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். தாத்தா அதில் இருந்து, ஆத்திரத்தில் தொப்பியைக் கழற்றித் தரையில் வீசி... அங்கே நிறுத்திக்கொண்டேன். ஆயாவிடம் ஒரு கதைதான் இருந்தது, அதையும் அவள் யாரிடமோ கேட்டுச் சொன்னாள். நான் யாரும் சொல்லாமலே ஒரு புது இம்பாலைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு சாத்தியமும் இருக்கிறது, அதை யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை, அதனாலேயே எழுதுகிறேன். தாத்தா ஓய்வுபெறும்வரை அரக்கோணம் ரயில்வேயில் இருந்தார். அந்த அரக்கோணத்திலேயே போர்க்காலத்தில் ஒரு விமானத்தளம் போட்டார்கள், இன்றைக்குக் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கும் இடம். சூலூர், தாம்பரம், சோழவரம் என்று நம் பக்கத்தில் ஏகப்பட்ட ஓடுதளங்கள் அன்றைக்கு முளைத்தன. சோழவரத்தில் பிறகு கார் ரேஸ் விட்டார்கள். ஒரு ஃபிட்டர் ஊரைவிட்டு ஐம்பது மைல் தாண்டாமலே முழுப் போரையும் என்ஜின் எண்ணெயில் கழித்திருக்க முடியும். அப்படி ஒரு ஆள் லீவில் வரும்போது, புதுப் பெண்டாட்டி தொப்பியைக் கையில் வாங்கி, இது என்ன நசுங்கல் என்று கேட்டால் என்ன சொல்வான்? ஸ்பேனர் விழுந்தது என்றா?

தாத்தாவின் வாயால் இம்பால் என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. ஆயா அந்தக் கதையைச் சொல்லும்போது அவர் திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார். ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார். சின்ன வயதில் அதை அடக்கம் என்று நினைத்தேன்.

கடிதத்தைத் திருத்தி எழுதிக்கொண்டு பெரியவரிடம் போனேன். தாத்தாவுடையது, 1945 மார்ச்சுக்குப் பிறகு அடிக்கப்பட்டது, நசுங்கல் எப்படி வந்தது என்று தெரியாது. மூன்று வரி. அவர் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். ஆர் விஷயம் அவருக்கு முதல் நாளே தெரியும். நாற்பது வருஷத் தொழில், தெரியாமலா இருக்கும்? "வாங்கறவன் எல்லாம் வருஷக் கணக்கா பாக்கப்போறான்? அவனுக்கும் கதைதான் வேணும். நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லலையே, உங்க ஆயா சொன்னதைத்தானே எழுதச் சொன்னேன்" என்றார். அந்த வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க எனக்கு இன்னும் முடியவில்லை. 'என் பாட்டி இப்படிச் சொன்னார்' என்று எழுதினால் அது நூற்றுக்கு நூறு உண்மைதான். ஆனால் அந்தக் காகிதம் கை மாறி மாறிப் போகும்போது 'சொன்னார்' உதிர்ந்துவிடும், இம்பால் மட்டும் நிற்கும். எங்கேயோ ஒரு ஊரில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் என் கையெழுத்தோடு நிற்கும். அது சரிவரவில்லை எனக்கு. மூன்று வரிக் கடிதத்துக்கு என்ன விலை என்று கேட்டேன்.

"ஆயிரத்தி ஐநூறு. புளி வேற போட்டிருக்கீங்க."

போன வாரம் சொன்னதைவிட ஐநூறு குறைவு. தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் கதையே இல்லாததைவிட விலை குறையுமாம். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஊக்கைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்பிளிட் பின் மட்டும் அவரிடம் வாங்கி மாட்டினேன், அதற்கு அவர் காசு வாங்கவில்லை.

அத்தைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ராயல், மார்ச், ஐ, ஆர், கிரீடம், எல்லாவற்றையும் நிதானமாக, பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பது போல. எண்பத்திரண்டு வயது, காது கொஞ்சம் மந்தம், ஆனால் புரிந்துகொள்வதில் ஒரு குறையும் இல்லை. ம், ம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். "அப்போ அது இம்பால் வில்லை இல்லேன்றே" என்றாள். ஆமாம் அத்தை என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பக்கம் டிவி ஓடும் சத்தம் கேட்டது.

"விக்கலையே?"

"இல்லை அத்தை."

"சரி, இனிமே புளி கிளி போடாதே. அந்தக் குண்டு பட்ட இடம் இருக்குது பாரு, அங்க தகடு மெலிசாயிருக்கும். ஓட்டை விழுந்துடும்."